65 ஆயிரத்தில் கேமிங் பிசி போடும்போது கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: பட்ஜெட் 65 ஆயிரம், கொட்டேஷன் அதைவிட 2,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது, தனியாக எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் டப்பா) வாங்காமல் கேபினெட்டோடு வருவதை வைத்துச் சமாளிக்கலாமா?

வேண்டாம். வேறு எந்தப் பாகத்தில் வேண்டுமானாலும் கை வையுங்கள், இதில் மட்டும் வைக்காதீர்கள்.

முதல் வேலையில் சேர்த்த காசு, இல்லையென்றால் வீட்டில் ஒரு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய காசு. உங்கள் நிலைமை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் 2022 தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. இதில் எதையும் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். கார்டு வாங்கியதோடு காசு கரைந்துவிட்டது. "கேபினெட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ் வருது சார், எல்லாரும் இதத்தான் போடுறாங்க" என்றார் கடைக்காரர். சரி என்றேன்.

கார்டில் சொருக வேண்டிய 8 பின் ஒயரே அதில் இல்லை. கடைப் பையன் டிராயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டரை எடுத்தான். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் ஒயர் இரண்டை ஒன்றாக்கி 8 பின்னாக மாற்றிச் சொருகிவிட்டான். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலரன்ட் மாதிரி லேசான கேம் ஆடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கார்டை முழுசாக வேலை வாங்கும் சைபர்பங்க் கேம் போட்ட நாளிலிருந்து தொல்லை. பத்து நிமிஷம் ஓடும், திரை கருப்பாகும், ஃபேன் நிற்கும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸை மூன்று தடவை மாற்றிப் போட்டேன். ரேமைக் கழற்றி, பின் எல்லாம் ரப்பர் வைத்துத் தேய்த்துத் திரும்பப் போட்டேன். கார்டை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுப் பதினெட்டு நாள் காத்திருந்தேன். "ஃபால்ட் இல்லை" என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு ராத்திரி, பட்டென்று ஒரு சத்தம். மீன் கருகினால் வருமே, அந்த வாடை அறை முழுக்க. எஸ்எம்பிஎஸ்ஸோடு போர்டும் போய்விட்டது. தீய்ந்த தடம் இருக்கிறது, வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஸ்குரூ டிரைவரைத் தொடவே இல்லை, பக்கவாட்டு ஸ்டிக்கரைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மேல ஐநூறுன்னு பெருசா போட்டிருக்கான். இங்க பாரு" என்று ஒரு கட்டத்துக்குக் கீழே கட்டைவிரலை வைத்தார். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 ஆம்பியர் என்று சின்னதாக அச்சடித்திருந்தது. "உன் கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுக்கறது இந்தப் பன்னெண்டு வோல்ட்லதான். பெருக்கிப் பாரு."

192 வாட். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் இழுக்கும். 5600 பிராசஸர் காகிதத்தில் 65 வாட், முழு லோடில் 76 வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 208. ஃபேன், எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் அதற்கு மேல். பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார். கரண்ட்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம் அச்சடித்து, அதன் நடுவில் ஒரு கம்பித் துண்டை வைத்து சால்டர் பண்ணியிருந்தார்கள்.

அப்புறம் 4,300 ரூபாய்க்கு ஒரு 550 வாட் வாங்கினேன். 12 வோல்ட் லைனில் 45 ஆம்பியர், ஐந்து வருஷ வாரண்டி. அதே கார்டு, அதே பிராசஸர், இன்றுவரை ஒரு தடவைகூட நின்றதில்லை. நீங்களும் அந்த 12 வோல்ட் ஆம்பியரைத்தான் பார்க்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. உள்ளே போட்டிருக்கும் சாமான் தரமானதுதான் என்பதற்கு அதுவே சான்று ஆகாது.

"நான் ஐந்து வருஷமா லோக்கல் எஸ்எம்பிஎஸ்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். உங்கள் பிசியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பில் போடும், டைப் அடிக்கும் கம்ப்யூட்டர் நூறு வாட்கூட இழுக்காது, அதற்கு அது தாங்கும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. புது எஸ்எம்பிஎஸ்ஸை அங்கேதான் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் ஸ்டிக்கரைத் தானே காட்டி விளக்கினார்.

மிச்சம் பிடிக்க வேறு இடம் நிறைய இருக்கிறது. 1080பி மானிட்டருக்கு 5600 அல்லது ஐ5 12400எஃப் தாராளம், அதற்கு மேல் பிராசஸரில் காசு கொட்டாதீர்கள். இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் வருகிறது, லைட் எரியும் கூலர் தேவையில்லை. கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்று போகிற வலை இருந்தால் போதும். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப் எல்லாம் அந்தப் பக்கம் போய் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, உங்கள் கொட்டேஷன் தாண்டியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ரேம் இருந்தால் கழற்றி இந்த ரைசன் போர்டில் போட்டு ஓட்டுங்கள், விலை இறங்கியதும் மாற்றலாம். வாங்கி வந்ததும் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் பண்ண மறக்காதீர்கள், பண்ணாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். மானிட்டர் ஒயரைப் போர்டில் சொருகாமல் கார்டில் சொருக வேண்டும். எஃப் என்று முடியும் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் திரையில் ஒன்றுமே வராது.

இன்னொன்று, எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று வீட்டு ஓனரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "செருப்பு போட்டுட்டு உட்காருங்க" என்றார். கடைசியில் என் காசில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் போட்டுக்கொண்டேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று அரசாங்கம் தருகிறது. வாடகைக்கு இருக்கும் எங்களிடம் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் வாங்குகிறார்கள். இந்த பிசி மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு யூனிட் தாண்டாது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டியும், "நீ ராத்திரி பூரா கம்ப்யூட்டர் ஓட்டறதாலதான் பில்லு ஏறுது" என்று அக்கம்பக்கம் கேட்கும்படி ஓனர் சொன்னார். அது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கடைக்குப் போகும்போது பாகத்துக்குப் பாகம் பெயரும் விலையும் எழுதி, தேதியோடு பில் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டில் மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து இங்கே கமெண்டில் போடுங்கள். கார்டு பெயரையும் சொல்லுங்கள், அது தாங்குமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.