ஸ்கோர் சொல்ல மட்டும்தானா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது திண்ணையில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்கிறான். “நானும் ஆடணும்மா” என்று ஒரு வாரமாக அழுகை. அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அனுப்புங்கள் அம்மா. தர்மபுரி பக்கம் முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். பார்வையில்லாத ஒரு மாணவனை இப்படித்தான் மூன்று வருடம் ஸ்கோர் எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவான். அவனை ஆட்டத்துக்குள் இறக்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

பார்வையற்றோர் கிரிக்கெட்டில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து. உள்ளே, சைக்கிள் கடையில் பால்ரஸ் என்போமே, அந்தக் குண்டுகள். உருண்டால் கலகலக்கும். கையைத் தூக்கி வீசக் கூடாது. தாழ்வாகத்தான் விட வேண்டும், பிட்ச்சின் பாதிக்கு முன்பே தரையில் குத்த வேண்டும். வீசுகிறவர் “ரெடி?” என்பார். ஆடுகிறவர் “எஸ்” என்ற பிறகு, “ப்ளே” என்று சொல்லிக்கொண்டே விடுவார். ஆடுகிறவர் குனிந்து, வாசல் பெருக்குவது போல மட்டையைத் தரையோடு வீசுவார். 11 பேரில் குறைந்தது 4 பேர் முழுப் பார்வையற்றவர்கள். அவர்கள் எடுக்கும் ஒரு ரன் இரண்டாகக் கணக்கு. ஒரு குத்து குத்தி வந்த பந்தை அவர்கள் பிடித்தாலும் அவுட்.

இதைத் தெருப் பையன்களிடம் முதலிலேயே பேசி வையுங்கள். இரக்கப்பட்டு அவுட் கொடுக்காமல் விட்டால் இரண்டே நாளில் உங்கள் பையனுக்குத் தெரிந்துவிடும்.

பந்துக்கு அலைய வேண்டாம். பிளாஸ்டிக் பந்தில் சின்னதாகக் கீறி, நாலு சலங்கை மணியை நுழைத்து டேப் சுற்றுங்கள். அவசரத்துக்குப் புளியங்கொட்டை போட்டாலும் சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நின்றுபோன பந்துக்குச் சத்தம் கிடையாது. புல்லுக்குள் போனால் தடவித்தான் தேடணும். அதனால் கெட்டித் தரையாகப் பாருங்கள், பைக் வராத இடமாக.

முழங்கால் சிராயும். அது எல்லாப் பையனுக்கும் வருவதுதான். மோதிக்கொள்வதற்குத்தான் பயப்பட வேண்டும். பார்வையற்றோர் கால்பந்தில் பந்தை நோக்கிப் போகிறவர் “வோய்” என்று குரல் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல். ஸ்பானிய மொழியில் அதற்குப் “போகிறேன்” என்று பொருள். உங்கள் தெருவில் “வரேன்” என்றே கத்தட்டும். பந்து வீசும்போது மட்டும் எல்லோரும் கப்சிப்.

அப்புறம், அவனிடம் இதையும் சொல்லுங்கள். 2012, 2017, 2022 ஆகிய மூன்று வருடமும் பார்வையற்றோர் டி20 உலகக் கோப்பையை நம் இந்திய அணி வென்றது பெங்களூரில்தான். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துச் சொச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். ஸ்கோர் சொல்ல வேறு யாரையாவது உட்காரச் சொல்லுங்கள்.