ஒரே வேதம், இரு நிலைப்பாடு

கேள்வி: அமெரிக்காவில் ஒரே வேதாகமத்தை வாசிக்கும் கிறிஸ்தவப் பெற்றோர், பள்ளிப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் பிரிந்து நிற்பது ஏன்?

பதில்: தீமை கருவியில் இல்லை, மனித இதயத்தில்தான் இருக்கிறது என்று நம்பும் வெள்ளையின இவாஞ்சலிக்கல் (வேதாகமத்தையும் தனிமனித மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் மரபு) பெற்றோர் பலர், ஆயுதக் கட்டுப்பாட்டைவிட ஆயுதம் தாங்கிய காவலரையே நாடுகின்றனர், பட்டயம் (வாள்) வாங்கச் சொல்லும் லூக்கா 22:36 அவர்களுக்குத் துணை நிற்கிறது. பட்டயத்தை எடுப்பவர் பட்டயத்தாலேயே மடிவார் என்னும் மத்தேயு 26:52-ஐப் பற்றிக்கொள்ளும் குவேக்கர், மென்னோனைட் என்னும், வன்முறையை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவுகளின் குடும்பங்கள் அதற்கு நேரெதிர். கத்தோலிக்க ஆயர் பேரவையும் கடுமையான கட்டுப்பாட்டையே வலியுறுத்தி வருகிறது. (கிராமப்புற வேட்டை மரபுக்கும் கட்சி அரசியலுக்கும் இதில் பங்குண்டு, எல்லாவற்றையும் மதத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.)

ஆனால் நம்பிக்கை மட்டுமே நிலைப்பாட்டை முடிவுசெய்துவிடுவதில்லை. 2023 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், பிரஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த கவனன்ட் பள்ளியில் 3 குழந்தைகளும் 3 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அப்பள்ளியின் பெற்றோர் சிலர், பழமைவாதச் சாய்வு உடையவர்கள் உட்பட, துப்பாக்கிச் சட்டங்களை இறுக்குமாறு டென்னசி சட்டமன்றத்தை நேரில் சென்று வேண்டினர். சட்டமன்றமோ 2024-இல், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளியில் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கலாம் என்று சட்டம் இயற்றியது.