நிலவறைச் சுவருக்குப் பஞ்சு போர்த்தலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நிலவறை குளிர்காலத்தில் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்கிறது. அதற்கு மேலுள்ள அறைகளின் தரையும் சில்லிடுகிறது. கோடையில் பூஞ்சை வாடை வேறு. கான்கிரீட் சுவரை ஒட்டிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடிப் பஞ்சு காற்றைத் தடுக்காது. அறையின் ஈரக்காற்று அதற்குள் புகுந்து, குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டதும் நீராக வியர்க்கும். மண்ணிலிருந்து சுவர் வழியே ஊறும் ஈரமும் அதோடு சேரும். முன்னால் பிளாஸ்டிக் தாள் இருந்தால் இரண்டும் உலர வழியே இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் பஞ்சின் பின்புறம் கறுத்திருக்கும். மரச்சட்டத்தின் அடிக்கட்டை விரலால் அழுத்தினாலே பொதபொதவென்று அமுங்கும்.

பூஞ்சை வாடை என்கிறீர்களே, முதலில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியே வருகிறது. முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றுதான் வியர்க்கிறது. முதல் வகை என்றால் உள்ளே எதையும் ஒட்டாதீர்கள். வெளியே போய், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளிவிட்டு, சுவரிலிருந்து 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சரிவு இருக்கும்படி மண்ணை நிரவுங்கள். உட்புறம் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிப்பது இதற்கு மாற்று ஆகாது.

அடுத்தது காற்று. வீட்டின் சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகள் வழியே வெளியேறும்; அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழிருந்து உள்ளே இழுக்கப்படும். அது நுழையும் முக்கியமான வாசல், கான்கிரீட் சுவரின் உச்சியில் மேல்தளத்தின் மரச்சட்டம் உட்காரும் இடம். காற்றடிக்கும் நாளில் அங்கே ஒரு ஊதுபத்தியைப் பிடித்தால் புகை வளைந்து காட்டிக்கொடுக்கும். மெல்லிய இடுக்குக்கு சீலன்ட், அகலமானதற்கு ஸ்பிரே ஃபோம். உத்தரங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் 5 சென்டிமீட்டர் ஃபோம் பலகையை அளவாக வெட்டிச் செருகி, சுற்றிலும் ஸ்பிரே ஃபோம் அடிக்க வேண்டும். கழுத்து வலிக்கும் வேலைதான். ஆனால் பணம் குறைவாக இருந்தால் நான் இதை மட்டும் செய்யச் சொல்வேன். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது. அங்கே தகடும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான்.

சுவருக்கு, கான்கிரீட்டில் நேரடியாக ஒட்டும் கெட்டியான ஃபோம் பலகை ஏற்றது. இணைப்புகளை டேப்பால் மூடுங்கள். தெர்மோகோல் வகையானால் மற்ற ஃபோம் பலகைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமன் தேவை. ஒப்பந்தக்காரருக்குப் பஞ்சுதான் பிடிக்கும் என்றால், இந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தும் சட்டத்துக்குள் தாராளமாக அடைக்கட்டும், பிளாஸ்டிக் தாள் இல்லாமல். ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். ஆகவே ஜிப்சம் பலகையால் மூடுங்கள். அதன் அடி தரையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கியிருக்கட்டும்.

நிலவறையில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், இடுக்குகளை அடைத்த பிறகு அதன் புகை சரியாக வெளியேறுகிறதா என்று தொழில்நுட்பரைக் கொண்டு சோதியுங்கள்; கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் பொருத்துங்கள். மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. வேலை முடிந்ததும் அதன் அளவையும் பார்த்துவிடுங்கள்.