நள்ளிரவில் போய் இறங்கினால்
இரவு 11.30க்கு விமானம் இறங்கும், 3 நாள்தான் பயணம், கையில் பணம் குறைவு, கடைசி ரயிலைப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பி இருக்காதீர்கள். இமிகிரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது என்று ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். இரவுப் பேருந்து உண்டா என்று விமான நிலைய இணையதளத்தில் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு கதவு திறக்க ஆள் இருப்பாரா என்று விடுதிக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் பணம். ஏடிஎம் திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, அந்த ஊர்ப் பணத்திலா என்று கேட்டால், அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். இன்னொன்றில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் நான் மாற்றி அழுத்தி, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை இழந்திருக்கிறேன்.