டார்வின் பக்கம் கேரவன் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதிக்குக் குடும்பத்தோடு கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு) இழுத்து வருவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நான் டார்வின்வாசி, பிள்ளைகளோடு இந்தச் சாலைகளில் அடிக்கடி போய்வருபவள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, டிசம்பர் லீவில் மெல்பர்னிலிருந்து ஓட்டி வரலாமா?

வேண்டாம். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் சாலைக்கு மேல் ஓடும், ககாடு தேசியப் பூங்காவின் பல வழிகளை மூடிவிடுவார்கள், புழுக்கத்தில் குழந்தைகள் தூங்க மாட்டார்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். ஆனால் ஜூலையில் பள்ளி விடுமுறை இரண்டே வாரம். மெல்பர்னிலிருந்து டார்வினுக்கு ஒரு வழிக்கே 3,700 கிலோமீட்டர் வரும். விமானத்தில் வந்து, இங்கேயே மோட்டார்ஹோம் (வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பது) வாடகைக்கு எடுத்து, லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்கா, ககாடு, கேத்தரின் ஊர் என்று ஒரு சுற்று சுற்றுங்கள். சொந்த கேரவனில் வருவதென்றால் ஐந்தாறு வாரமாவது கையில் இருக்கட்டும்.

எங்கள் காருக்கு 3,500 கிலோ இழுவைத்திறன் இருக்கிறது. 2,800 கிலோ கேரவன் வாங்கப் போகிறோம். கவலையில்லைதானே?

கவலைப்படத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு எண் மட்டும் போதாது. காரும் கேரவனும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு எடை போகலாம் என்று தனி வரம்பு இருக்கிறது. காருக்கு மட்டும் இன்னொரு வரம்பு. கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் பின்கொக்கி மேல் உட்காரும், அதைத்தான் பால் வெயிட் என்கிறார்கள். உங்கள் கேரவனுக்கு அது 280 கிலோ. அது காரின் கணக்கில் சேரும். ஐந்து பேரும் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் காரின் வரம்பு அங்கேயே முடிந்துவிடும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டி இரண்டு நிரப்பினால் 160 கிலோ. அப்புறம் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சைக்கிள். பாரத்தையெல்லாம் கேரவனின் பின்பக்கம் அடுக்கினால் கொக்கி மேல் எடை குறைந்து வண்டி பாம்புபோல் ஆட ஆரம்பிக்கும். கனமானவற்றைச் சக்கரத்துக்கு மேலே, தரையோடு வையுங்கள். ஆடிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காருக்குள் இருக்கும் கேரவன் பிரேக் கட்டுப்பாட்டை மட்டும் கையால் அழுத்துங்கள். கிளம்பும் முன் ஒருமுறை முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் குதிப்பார்கள். எங்கே குளிக்கலாம்?

குளிக்கலாம் என்று எழுதி வைத்த இடத்தில் மட்டும். லிட்ச்ஃபீல்டில் ஃப்ளோரன்ஸ் அருவி, பியூலி ராக்ஹோல், கேத்தரினுக்குத் தெற்கே மட்டராங்கா வெந்நீரூற்று எல்லாம் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். மட்டராங்காவில் தண்ணீர் எப்போதும் சுமார் 34 டிகிரி. ஆனால் அன்றன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் வனக்காவலர்கள் முதலை இருக்கிறதா என்று சோதித்த பிறகே பல இடங்களைத் திறக்கிறார்கள்.

உப்புநீர் முதலை என்ற பெயரை நம்பி, கடலோரத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நன்னீர் ஆறுகளிலும் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே வரும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. கரையிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், 50 மீட்டராவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். பாத்திரம் கழுவவோ மீன் சுத்தம் செய்யவோ ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். ககாடுவில் ஆற்றைச் சாலை கடக்கும் கேஹில்ஸ் கிராசிங் போனால், பார்வை மேடையில் நின்று பிள்ளைகளுக்கு முதலைகளைக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் அதட்ட வேண்டியிருக்காது.

ரோடு ட்ரெயின் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது அண்ணி? என் கணவர் பயப்படுகிறார்.

பயம் நியாயமானதுதான், பல டிரெய்லர்களை இழுத்துவரும் அந்த லாரி 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். அது உங்களை முந்தும்போது உங்கள் தடத்தில் நிதானமாகப் போங்கள், வேகம் கூட்ட வேண்டாம். காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்தால் போதும். வண்டிகளுக்குள் பேசிக்கொள்ளும் யுஹெச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலை வைத்திருந்தால் ஓட்டுநரோடு பேசலாம், பெரும்பாலும் அன்பாகவே பதில் சொல்வார்கள். சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டர் அனுமதி உண்டு. கேரவனோடு அது உங்களுக்கில்லை, 90 போதும். பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். வேலியில்லாத பண்ணைகளின் மாடுகளும் வாலபி எனும் சிறு கங்காருக்களும் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும்.

இட்லி மாவு தாங்குமா?

வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், கொஞ்சமாகக் கரையுங்கள். கேஸில் ஓடும் த்ரீ-வே ஃப்ரிட்ஜ் 38 டிகிரியில் திணறும், கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் இருந்தால் நிம்மதி. பெட்ரோல் போட நிற்கும் முன் ஃப்ரிட்ஜின் கேஸை அணைக்க மறக்க வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், இருவருக்கும் எழுபது வயது. ஓடும்போது கேரவனில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். எல்லோரும் காரில் பெல்ட்டோடுதான். அவர்களுக்காக ஏசி ஓட மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். கேத்தரின் அருகே நித்மிலுக் பள்ளத்தாக்கிலும் ககாடுவில் யெல்லோ வாட்டரிலும் படகுப் பயணம் உண்டு, உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். ககாடுவின் உபிரில் பாறை ஓவியங்கள் இருக்கும் கீழ்ப் பாதையை அவர்கள் மெதுவாக நடந்துவிடுவார்கள். உச்சிப்பாறை ஏற்றம் செங்குத்து, அங்கே பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

கேத்தரினிலிருந்து அப்படியே மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா ஊருக்குப் போகலாமா?

தாராளமாக, 500 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் டிம்பர் க்ரீக்கில் ஓர் இரவு தங்குங்கள். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பழம், காய்கறி, தேன் எதையும் கொண்டுபோக விட மாட்டார்கள். செடி, விதை, கொட்டை வகைகள் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். முந்தைய நாளே காய்கறியையெல்லாம் சாம்பாரில் போட்டுத் தீர்த்துவிடுவது நல்லது. எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வையுங்கள்.