கையெழுத்துப் போடுவது அவிசுவாசமா?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். 11 வருஷமாக ஃபோர் டி (4 இலக்க எண் லாட்டரி) எடுக்கிறேன். வீட்டில் தெரியாது. வருஷப் பிறப்பு உபவாச ஜெபத்தில் இனித் தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினேன். 3 மாதம் நின்றது. போன மாதச் சம்பளத்தில் 600 வெள்ளி போய்விட்டது. கூட வேலை செய்பவர் சுயவிலக்குக்கு, அதாவது என்னைச் சூதாட விடாமல் தடுக்கும்படி நானே கேட்டுக்கொள்வதற்கு, பதிவு செய்யச் சொல்கிறார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்று கர்த்தர் சொல்லியிருக்க, ஒரு ஃபார்மை நம்புவது மனுஷ பலத்தை நம்புவது ஆகாதா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் எடுத்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். 2 கொரிந்தியர் 12-இல் பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாகச் சொல்கிறார். அது நீங்கும்படி 3 தரம் வேண்டிக்கொண்டார். முள் இன்னதென்று அவர் எழுதவில்லை. ஆனாலும் அது அவருக்கு வந்த உபத்திரவம். யாருக்கும் தெரியாமல் அவர் திரும்பத் திரும்பப் போய்ச் செய்த பாவமாக அதை வாசிக்க இடமில்லை. ஆகவே சூதாட்டத்தை முள்ளாக வைத்துக்கொண்டு, கிருபை போதும் என்று இருந்துவிட முடியாது. லௌகிக இச்சைகளை வெறுக்கக் கிருபை நமக்குப் போதிக்கிறது என்கிறது தீத்து 2:12.

அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பவுல் தன் பலவீனத்தை ஒரு சபை முழுவதும் வாசிக்கும் கடிதத்தில் எழுதிவிட்டார். 'கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி' என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், கூடாரம் போட்டுத் தங்குவதைக் குறிப்பது. அவர் வெளியே சொல்லி ஒப்புக்கொண்ட பலவீனத்தின்மேல் அந்தக் கூடாரம் வந்தது. நீங்கள் 11 வருஷம் மூடி வைத்துக்கொண்டு பலம் கேட்டிருக்கிறீர்கள்.

'நான் இனித் தொடமாட்டேன்' என்ற பொருத்தனையில் நீங்கள் நம்பியது யாரை? உங்கள் மன உறுதியை. ஃபார்ம் சொல்வதோ, 'என்னால் நிறுத்த முடியவில்லை, கதவை அடைத்துவிடுங்கள்' என்பது. இரண்டில் மனுஷ பலத்தின்மேல் நின்றது பொருத்தனைதான். துர்இச்சைகளுக்கு இடம்கொடுக்கும்படி உடலைப் பேணாதிருங்கள் என்கிறது ரோமர் 13:14. ஃபார்ம் அந்த இடத்தை எடுத்துவிடுகிறது. தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

சுயவிலக்கைத் தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் மூலம் செய்யலாம். உதவி எண் 1800-6-668-668. அது சூதாட்டக் கூடங்களையும் லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்கையும் அடைக்கும். கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் சீட்டை அடைக்காது. பலர் இங்கேதான் விழுகிறார்கள்: பதிவு செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் கையில் பணத்தோடு அதே வழியில் வீடு திரும்புகிறார்கள். சம்பளம் மனைவி பார்க்கக்கூடிய கணக்கில் விழட்டும். வாரத்துக்கு 40, 50 வெள்ளி போல ஒரு தொகையை மட்டும் கையில் வையுங்கள். கடை இருக்கும் பக்கம் போகாத பஸ் எது என்று பாருங்கள்.

அடுத்தது நேரம். குலுக்கல் புதன், சனி, ஞாயிறு மாலை 6.30-க்கு, அன்றைய விற்பனை 6 மணிக்கு முடியும். உங்கள் சோதனை வாரத்துக்கு 3 நாள், 5 மணியிலிருந்து 6 மணிவரை. காலை ஜெபத்தில் பொதுவாகப் பலம் கேட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாகக் கடக்கப் பார்க்காதீர்கள். எபிரெயர் 4:16 'ஏற்ற சமயத்தில் சகாயம்' என்கிறது. ராஜாவின் முன் நின்றபடியே நெகேமியா பண்ணின ஜெபத்துக்கு ஒரு வரிதான் நேரம் இருந்திருக்கும். உங்களுக்கும் அது போதும்: 'கர்த்தாவே, இப்போது அந்தக் கடைக்குப் போக ஆசையாயிருக்கிறது, என்னைப் பிடியும்.' ஆசையின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். கையோடு ஒருவருக்குப் போன் பண்ணுங்கள். 6 மணி தாண்டும்வரை பேசுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து தனியாகக் கிளம்பாதீர்கள். யாக்கோபு 5:16 குற்றங்களை 'ஒருவருக்கொருவர்' அறிக்கையிடச் சொல்கிறது, எனவே அந்த ஒருவர் யார் என்று இந்த வாரமே தீர்மானியுங்கள்.

விட்டதைப் பிடிக்கலாம் என்று தோன்றும்போது இந்தக் கணக்கு உதவும். 10,000 எண்களில் பரிசு 23-க்குத்தான். 23 எண்களுக்கும் பரிசு தரும் 'பிக்' பந்தயத்தில் எல்லா எண்ணுக்கும் 1 வெள்ளி வைத்தாலும், 10,000 வெள்ளிக்குத் திரும்புவது 6,590.

தவறி விழுந்தால் புதிய பொருத்தனை வேண்டாம். அன்றிரவே அந்த நண்பரிடம் தொகையோடு சொல்லுங்கள். ஒரு நாள் மறைத்தாலும் பழைய 11 வருஷம் திரும்பத் தொடங்கிவிடும்.

மனைவியிடம் இந்தப் புதன்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடன் இருந்தால் முழுத் தொகையையும் சொல்லுங்கள். பாதியைச் சொன்னால், மீதியை அடைக்க இன்னொரு சீட்டு எடுக்கத் தோன்றும்.