கேம் மட்டும் மாற்றினால் போதுமா? ராக்கர், வால்வு ஸ்பிரிங் கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பட்டறையில் முப்பது வருடமாகப் புல்லட், ஜீப், அம்பாசடர் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறேன். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்ற ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

களக்காட்டுத் தம்பி: அண்ணாச்சி, என்னுடையது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) அதிகமுள்ள கேம் வாங்கிவிட்டேன். பழைய வால்வு ஸ்பிரிங்கே போதுமா?

அளந்தீர்களா? அளக்காமல் மாட்டாதீர்கள். ஸ்பிரிங்கைப் பட்டறை வைஸில் வைத்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்கி வெர்னியரால் அளவெடுங்கள். 27 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் வால்வில் ஸ்பிரிங்கின் மேல் மூடியையும் அதைத் தண்டில் பிடிக்கும் லாக்கையும் மட்டும் போட்டு, வால்வை மேலே இழுத்துப் பிடித்து, ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை அளங்கள். அது 38 என்றால் ஸ்பிரிங் அமுங்க 11 மி.மீ. இடம் இருக்கிறது. பழைய கேம் வால்வை 8 மி.மீ. தூக்கியது, 3 மிச்சம். புதியது 10 தூக்கினால் மிச்சம் 1 மி.மீ. அது போதாது. முழுத் தூக்கலிலும் ஒன்றரை மி.மீ. மிஞ்ச வேண்டும். புல்லட்டில் வால்வுக்கு இரண்டு ஸ்பிரிங்குகள்; உள்ளே இருப்பதையும் தனியாக அளங்கள், பல நேரம் அதுதான் முதலில் முட்டும். மேல் மூடியின் அடிப்பாகம், வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடின் தலையில் இடிக்கிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள். அங்கும் அதே ஒன்றரை.

1998இல் என் சொந்த வண்டியில் அளக்காமல் மாட்டினேன். கங்கைகொண்டான் தாண்டியதும் டக்கென்று ஒரு சத்தம், அதோடு வண்டி நின்றது. கதிர் அரிவாள் போல வளைந்த புஷ்ராடு, அதாவது கேமின் தூக்கலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் தண்டு, இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. தவறு ஸ்பிரிங் விற்றவருடையது அல்ல, என்னுடையது.

மேலப்பாளையம்: கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் கவலையில்லையே?

கவலை இடம் மாறும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் வேலை, கேம் இறங்கும்போது வால்வு அதைவிட்டுப் பிரியாமல் கூடவே இறங்கச் செய்வது. வேகம் கூடினால் வால்வைத் திருப்ப வேண்டிய விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும்: நிமிடத்துக்கு 4000 சுற்றிலிருந்து 5000க்குப் போனால் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வால்வு மிதந்து, தான் உட்காரும் இடமான சீட்டில் குதித்து விழும். அதனால் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைதான். ஆனால் தேவைக்கு மேல் போட்டால் அந்தச் சுமை முழுவதும் வால்வை அமுக்கும் நெம்பான ராக்கர், புஷ்ராடு வழியாகக் கேமின் முனையான மூக்கிலும், அதன்மேல் உட்காரும் டேப்பட்டின் அடியிலும் வந்து உட்காரும். உருளை இல்லாத தட்டை டேப்பட் என்றால் தேய்ந்தே போகும். எண்ணெயை வடிக்கும்போது வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் பெரும்பாலும் கேமின் கதை முடிந்தது. கேம் செய்தவர் சொல்லும் அழுத்தத்தைக் கேட்டு, அதையே வாங்குங்கள்.

சங்கரன்கோவில்: அம்பாசடர் பெட்ரோல். கேமைத் தொடாமல் விகிதம் அதிகமுள்ள ராக்கர் மட்டும் போடலாமா?

துலாக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். மரத்தைத் தாங்கும் இடத்தை நகர்த்தினால் வாளி கூடுதல் உயரம் வரும். இழுக்கிற கைக்கும் பாரம் கூடும். ராக்கரும் ஒரு துலாதான். கேம் 6 மி.மீ. தூக்கினால், 1.5 விகித ராக்கரில் வால்வு 9 மி.மீ. திறக்கும், 1.6 என்றால் 9.6. ஸ்பிரிங் 60 கிலோ எதிர்த்தால் புஷ்ராடில் 90 கிலோவாக இருந்தது 96 ஆகும். போடலாம், எஞ்சினைப் பெரிதாகப் பிரிக்காமல் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் களக்காட்டுத் தம்பிக்குச் சொன்ன அளவுகள் அத்தனையும் உங்களுக்கும் உண்டு.

இன்னொன்று. வால்வுத் தண்டின் தலையில் மார்க்கர் மையைத் தடவி, எஞ்சினைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். மை அழிந்த கோடு ஒல்லியாக, நடுவில் இருக்க வேண்டும். ஓரம் ஒதுங்கியிருந்தால் தண்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டுக் கைடு தேயும். புஷ்ராடு நீளத்தையோ ராக்கர் நிற்கும் உயரத்தையோ திருத்தாமல் மூடாதீர்கள்.

வள்ளியூர்: நுனியில் உருளை வைத்த ராக்கர், கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

லிஃப்ட் அதிகம், ஸ்பிரிங்கும் கடினம் என்றால் தகும். உரசல் குறையும், கைடு பிழைக்கும். சாதாரண கேமுக்கு வீண் செலவு.

திசையன்விளை: 2012 கிளாசிக் 350. இதற்கும் இதே முறைதானா?

அதில் ஹைட்ராலிக் டேப்பட். எண்ணெய் அழுத்தம்தான் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்கிறது. மிகக் கடினமான ஸ்பிரிங் டேப்பட்டை அமுக்கிவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கில் வால்வு மிதந்தால் டேப்பட் அந்த இடைவெளியை நிரப்பி, வால்வை முழுதாக மூடவிடாது. பழைய புல்லட்டில் குளிர்ந்த எஞ்சினில் புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்த்துச் சரிசெய்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் முதல் வந்த புது எஞ்சின்களில் புஷ்ராடே இல்லை. கேம் மேலே, எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டிலேயே இருக்கிறது.

அம்பாசமுத்திரம்: வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று மாட்டும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

களிமண்ணால். காருகுறிச்சிப் பானைக் களிமண் அல்ல, அது காய்ந்து உதிரும்; பிள்ளைகள் உருட்டி விளையாடும் மெழுகுக் களிமண். பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் ஒட்டி, எண்ணெய் தடவி, ஹெட்டைக் கேஸ்கட்டோடு இறுக்கி, டேப்பட்டைச் சரிசெய்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் நிறுத்திவிடுங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைப் பிளேடால் அறுத்து, மிக மெல்லிய இடத்தை அளங்கள். உள்ளிழுக்கும் வால்வுக்கு 2 மி.மீ., புகை வால்வுக்கு 2.5 மி.மீ. இருக்கட்டும்.

கல்லிடைக்குறிச்சி: மாஞ்சோலை ஏற்றத்தில் புல்லட் திணறுகிறது. எந்தக் கேம் நல்லது?

இப்போது இருப்பதே. பெரிய கேம் இழுவையை உயர்ந்த சுற்றுகளுக்குத் தள்ளும். வளைவில் மெதுவாக ஏறும்போது இன்னும் திணறும். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள், அதற்கு முன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

பேட்டை: எல்லாம் மாட்டியாயிற்று. எப்படிப் பழக்குவது?

கேம் மூக்கிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறீர்கள்தானே? தட்டை டேப்பட் கார் எஞ்சின் என்றால் கிளப்பியதும் ஐடிலில் விடாமல், 2000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் அதுவரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது என் வழக்கம். பிறகு எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்த்துவிட்டு, உள் ஸ்பிரிங்கை மாட்டுங்கள்.